சீனம் பேசுபவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி: எதில் நேரம் செலவழிப்பது?

கேள்வி: சீனாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெரியவர்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எல்லோரும் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்தவர்கள். எனக்குச் சீனம் தெரியாது. இலக்கணம், சொல்வளம், வாசிப்பு மூன்றுக்கும் பயிற்சிகளை எப்படி அமைக்கலாம்? கடையில் கிடைக்கும் பொதுவான பயிற்சிப் புத்தகங்கள் போதுமா?

பதில்:

போதாது. உங்கள் மாணவர்கள் புதிதாகத் தொடங்குபவர்கள் இல்லை. சீன அரசு 2001இல் ஆங்கிலத்தை மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கச் சொன்னது. பள்ளி முடிக்கும்போது எழுதும் காவ்காவ் தேர்வு பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். அதில் 150 ஆங்கிலத்துக்கு. கல்லூரியில் நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று இரண்டு தேசிய ஆங்கிலத் தேர்வுகள் உண்டு. நான்காம் நிலை 1987இல் தொடங்கியது. 710க்கு 425 எடுத்தால் தேறியதாகக் கணக்கு. இத்தனையையும் கடந்து வந்தவர் கோடிட்ட இடங்களை ஆயிரக்கணக்கில் நிரப்பியிருப்பார். இன்னொரு புத்தகம் நிறையக் கோடிட்ட இடம் கொடுத்தால் அதையும் சரியாக நிரப்பிவிட்டு, வகுப்பு முடிந்து வெளியே போகும்போது "யெஸ்டர்டே ஹி கோ தேர்" என்றுதான் பேசுவார்.

சீனர்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: யாபா யிங்யூ, அதாவது ஊமை ஆங்கிலம். விதி தெரியும், தேர்வில் குறி போடத் தெரியும், வாயிலும் எழுத்திலும் வராது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது விதியைச் சொல்லிக்கொடுப்பதல்ல, தெரிந்த விதியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. அதற்கு முன், அவர்கள் செய்யும் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை கவனக்குறைவால் வருபவை அல்ல. சீனம் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்கிறதோ அந்த ஒழுங்கிலிருந்து வருபவை. சீனம் பேசத் தெரியாமலே அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம். தமிழ் தெரிந்தவருக்கு அதில் சில இடங்கள் சுலபமாகவே பிடிபடும்.

முதலில் காலம். சீனத்தில் வினைச்சொல் மாறுவதே இல்லை. நேற்று, இன்று, நாளை என்று சொல்லிவிட்டால் போதும், வினை அப்படியே இருக்கும். 'லெ' என்று ஓர் ஒட்டு உண்டு. அது காலத்தைக் காட்டுவதில்லை, வேலை முடிந்ததா என்பதைக் காட்டுகிறது. நாளைக்கு முடியப்போகும் வேலைக்கும் 'லெ' வரலாம். மாணவர் மனத்தில் ஆங்கிலத்தின் இறந்தகால விகுதி இந்த 'லெ'யோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் "புரோக்", "அரைவ்ட்" போன்று சட்டென்று முடியும் வினைகளில் இறந்தகாலம் ஓரளவு சரியாக வரும். இருந்தது, வசித்தார், பிடித்திருந்தது என்று நீடிக்கும் நிலைகளில் வராது. எந்தத் தாய்மொழிக்காரருக்கும் இந்த வரிசை கொஞ்சம் உண்டு என்றாலும், சீனம் பேசுபவரிடம் அது வெகுநாள் தங்கிவிடுகிறது.

பயிற்சிப் புத்தகங்கள் இறந்தகாலத்துக்கு என்ன கொடுக்கின்றன? "நேற்று என்ன செய்தாய்?" எழுந்தேன், சாப்பிட்டேன், போனேன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாமே முடிந்த செயல்கள், அவர்களுக்கு ஏற்கெனவே வருபவை. அதற்குப் பதிலாக, சிறுவயதில் வளர்ந்த வீட்டைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். வீடு சின்னதாக இருந்தது, பாட்டி எங்களோடு இருந்தார், குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்பு எரித்தோம், பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்களைப் பிடிக்காது. ஒவ்வொரு வரியிலும் அவர்கள் தவறவிடும் அந்த நிலை வினை வந்து நிற்கும். ஒரே தலைப்பை மூன்று வாரம் வெவ்வேறு கோணத்தில் எழுத வையுங்கள். முதல் வாரம் வீடு, அடுத்து பள்ளி, அப்புறம் வேலைக்குச் சேர்ந்த முதல் இடம்.

இதில் ஒலி சார்ந்த பாதியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் சொல் முடிவில் வரும் மெய்கள் மிகக் குறைவு. 'ன்', 'ங்' இரண்டும், வடக்கே 'ர்' ஒன்றும். ஆங்கிலத்தின் "வாக்ட்", "ஆஸ்க்ட்", "புக்ஸ்" போன்ற முடிவுகளில் மெய்கள் குவிந்து நிற்கும். வாய் அவற்றை விழுங்கிவிடும். காதும் அவற்றைக் கேட்காது. டோனா லார்டியர் என்ற மொழியியலாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சீனம் பேசி வளர்ந்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்ணின் பேச்சை அவர் பதிவு செய்தார். இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் வந்தது. ஆனால் "ஹி", "ஹிம்" போன்ற வேற்றுமை வடிவங்களில் அவர் தவறவே இல்லை. எழுத்திலோ பேச்சைவிட நன்றாகவே செய்தார். அதாவது இலக்கணம் உள்ளே இருக்கிறது, வெளியே வரும்போது முனை தேய்கிறது. அதனால் இலக்கண வகுப்பிலேயே தினமும் ஐந்து நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள். "வாக்ட் இன்" என்பதை "வாக்டின்" என்று அடுத்த உயிரோடு சேர்த்துச் சொல்லப் பழக்கினால் விழுங்கின 'ட்' திரும்பி வரும். சின்னச் சின்ன வாக்கியங்களைச் சொல்லி எழுத வைப்பதும் நல்லது. நிகழ்காலமா இறந்தகாலமா என்று காதால் பிரிக்கத் தெரியாதவருக்கு வாயால் பிரிக்க வராது.

அடுத்தது ஆர்ட்டிகிள். 'ஏ', 'தி' இரண்டும் சீனத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் "குறிப்பிட்ட ஒன்றா, ஏதோ ஒன்றா" என்ற வேறுபாடு இரண்டு மொழியிலும் இருக்கிறது. நாம் "புத்தகம் வாங்கினேன்" என்றும் "புத்தகத்தை வாங்கினேன்" என்றும் சொல்வோம். இரண்டாவதைக் கேட்டவர் எந்தப் புத்தகம் என்று முன்பே தெரிந்தவர். சீனம் இதைச் சொல் வரிசையால் செய்கிறது. "க்கெரென் லாய் லெ" என்றால் எதிர்பார்த்திருந்த அந்த விருந்தாளி வந்துவிட்டார். "லாய் க்கெரென் லெ" என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். இந்த இரண்டு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, வித்தியாசம் என்ன என்று மாணவர்களிடமே கேளுங்கள். தங்கள் மொழியில் இல்லை என்று நினைத்திருந்த ஒன்று இருக்கிறது என்று தெரியும்போது முகம் மாறும். அதன்பின் ஆர்ட்டிகிள் அவர்களுக்கு வெறும் மனப்பாட விதியாக இருக்காது.

பயிற்சியாக, நூற்றைம்பது சொல்லளவில் ஒரு சின்னக் கதையை எடுத்து எல்லா ஆர்ட்டிகிளையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள். எங்கே இடைவெளி என்று காட்டாதீர்கள், கோடு போடாதீர்கள். கோடு போட்டால் அங்கே ஏதோ ஒன்று வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்; நிஜ எழுத்தில் யாரும் கோடு போட்டுத் தருவதில்லை. இரண்டு விடையும் பொருந்தும் இடங்களில் பொருள் எப்படி மாறுகிறது என்று பேசுங்கள். ஒரே ஒரு சரியான விடை என்று பழகியவர்களுக்கு இது முதலில் சங்கடமாக இருக்கும், ஆனால் ஆர்ட்டிகிள் பிடிபடுவது அந்தப் பேச்சில்தான்.

"ஹி", "ஷி" குழப்பம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நல்ல ஆங்கிலம் பேசும் பொறியாளர்கூட மனைவியை "ஹி" என்பார். அவன், அவள், அது மூன்றுக்கும் சீனப் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் பெண்ணுக்குத் தனி எழுத்து புழக்கத்துக்கு வந்ததே 1920 வாக்கில்தான், லியூ பான்னொங் என்ற கவிஞர் முன்வைத்த பிறகு, ஒலி மாறவில்லை. இதை விளக்கிப் பயனில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி வரும் கதையை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வையுங்கள், தவறும்போது விரலை மட்டும் உயர்த்துங்கள், அவர்களே திருத்திக்கொள்வார்கள். பழகப் பழகக் குழப்பம் குறையும்.

இணைப்புச் சொற்கள் இன்னும் எளிது. சீனத்தில் "ஸுய்ரான்" வந்தால் பின்னால் "தான்ஷி" வரும். "யின்வெய்" வந்தால் "ஸுவோயி" வரும். அதனால் "ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி ஒர்க்ட்" என்று எழுதுகிறார்கள். ஒருமுறை காட்டினால் புரியும், சில வாரம் கவனித்தால் போய்விடும். முன்னிடைச்சொற்களுக்கும் தனி வகுப்பு வேண்டாம். "இன்", "ஆன்", "அட்" மூன்றுக்கும் அவர்களுக்கு 'ஸாய்' ஒன்றே என்று நினைவில் வைத்து, சொற்சேர்க்கையோடு சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

கமாதான் இதைவிடப் பெரிய தொல்லை. சீன எழுத்தில் ஒரு கருத்து முடியும்வரை முழு வாக்கியங்களையே கமா போட்டுக் கோத்துக்கொண்டு போகலாம், கடைசியில் ஒரு சின்ன வட்டம் போட்டு முடிப்பார்கள். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் ஒரே வரியாக ஓடும். அவர்கள் எழுதியதையே எடுத்து, ஒவ்வொரு கமாவிலும் நிறுத்தி, "இதற்கு முன்னும் பின்னும் எழுவாய், வினை இரண்டும் இருக்கிறதா?" என்று கேட்கப் பழக்குங்கள். இருந்தால் முற்றுப்புள்ளி, அல்லது இணைப்புச் சொல். "தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு சீ யூ" போன்ற வாக்கியங்களும் இந்தச் சோதனையில் மாட்டும். சீனத்தில் "ஒருவர் இருக்கிறார் பார்க்க விரும்புகிறார்" என்று வினைகளை வரிசையாக அடுக்கலாம், ஆங்கிலம் விடாது.

இலக்கணத்தில் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வது ரிலேட்டிவ் கிளாஸுக்குத்தான், அதாவது "ஹூ", "விச்", "தட்" வைத்து ஒரு பெயரை விவரிக்கும் உள்வாக்கியத்துக்கு. அதில் உங்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்பதைச் சீனத்தில் "வோ ஸுவோதியன் மாய் தெ ஷூ" என்பார்கள். வோ நான், ஸுவோதியன் நேற்று, மாய் தெ வாங்கிய, ஷூ புத்தகம். நம் பெயரெச்சம் போலவே விவரம் எல்லாம் முன்னால், பெயர் கடைசியில். ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுகிறது. நீங்கள் ஆங்கிலம் படித்தபோது எங்கே தடுமாறினீர்களோ அங்கேதான் அவர்களும் தடுமாறுகிறார்கள்.

ஆனால் திருத்தும் தாளில் இது தெரியாது. மொழியியலாளர் ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார். பாரசீக, அரபு மாணவர்களைவிடச் சீன, ஜப்பானிய மாணவர்கள் ரிலேட்டிவ் கிளாஸில் குறைவாகவே பிழை செய்தார்கள். காரணம், அவர்கள் அதைப் பயன்படுத்துவதையே தவிர்த்தார்கள். பிழையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இந்தக் குறை கண்ணில் படாது. அதனால் மாணவர் எழுதியதில் என்ன தவறு என்று பார்ப்பதோடு, எது வரவேயில்லை என்றும் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க "ஹூ", "விச்", "தட்" இல்லாமல் குட்டி வாக்கியங்களாக இருந்தால், இரண்டு இரண்டு வாக்கியமாக எடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய வாக்கியங்களையே இணைக்கச் சொன்னால்தான் பலன் உண்டு. நீங்கள் தரும் மாதிரி வாக்கியங்களை இணைப்பது இன்னொரு தேர்வுக் கேள்வியாகிவிடும்.

"இஃப் ஐ ஹாட் மணி" போன்ற, நடக்காததைக் கற்பனை செய்து சொல்லும் வாக்கியங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. சீனத்தில் அதற்குத் தனி வினை வடிவம் இல்லாததால், சீனர்களுக்கு அப்படிச் சிந்திப்பதே கடினம் என்று 1981இல் ஆல்பிரட் புளூம் எழுதினார். டெரி ஆவ் என்ற ஆய்வாளர் 1983இல் சீனம் பேசுபவர்களிடமே சோதித்து, கதை இயல்பான சீனத்தில் இருந்தால் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை என்று காட்டினார். வடிவம் இல்லை என்பதால் சிந்தனை இல்லை என்று நினைத்து ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்காதீர்கள். அவர்களுக்குத் தேவை வடிவம் மட்டும்தான்.

இனி சொல்வளம். இங்கேதான் மிக அதிக உழைப்பு வீணாகிறது என்பது என் கருத்து. சீனாவில் சொல் மனப்பாடம் என்பது பட்டியல் மனப்பாடம். காவ்காவ் தேர்வுக்கு 3,500 சொல் என்று ஒரு கணக்கு, நான்காம் நிலைக்கு அதற்கு மேல். பட்டியல் அகர வரிசையில் இருக்கும், முதல் பக்கத்தில் "அபாண்டன்" இருக்கும். உங்கள் மாணவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள், எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலை முதலிலிருந்து தொடங்கியதால் எல்லோருக்கும் மறக்காத சொல் அது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு சீனச் சொல். அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்குதான் பின்னால் "லேர்ன் நாலெட்ஜ்", "ஓபன் தி லைட்", "ஈட் மெடிசின்", "ஐ வெரி லைக் இட்" என்றெல்லாம் வருகிறது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனால் ஆங்கிலத்தில் அவை அப்படிச் சேராது.

ஆகவே சொல்லைத் தனியாக எழுதும் நோட்டை மூடச் சொல்லுங்கள். புதிய நோட்டில் குறைந்தது இரண்டு சொல் சேர்ந்த தொடர்தான் எழுத வேண்டும்: "ஹெவி ரெயின்", "டேக் மெடிசின்", "கெயின் நாலெட்ஜ்". எதிரே சீனத்திலும் தொடராகவே எழுதட்டும். சீனத்தைத் தடை செய்ய வேண்டாம், எதிரெதிரே வைத்தால்தான் இடைவெளி தெரியும். தொடர்களை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஆங்கி, பாய்த்ஸிஜான் போன்ற செயலிகள் நன்றாகவே உதவும். உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885இல் மறதியை அளந்ததிலிருந்து அந்த முறையின் பயனில் சந்தேகமில்லை. செயலியில் என்ன போடுகிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

சொல் எப்படி உருவாகிறது என்பதில் சீனம் மிகவும் வெளிப்படையானது. மின் மூளை என்றால் கணினி, மின் பேச்சு தொலைபேசி, மின் நிழல் திரைப்படம், தீ வண்டி ரயில். இறைச்சிக்குத் தனிப் பெயர் வேண்டாம், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி என்று விலங்கின் பெயரோடு இறைச்சி சேர்ந்தால் போதும். ஜனவரி முதல் மாதம், பிப்ரவரி இரண்டாம் மாதம். இப்படிப்பட்ட மொழியிலிருந்து வருபவருக்கு "பீஃப்", "போர்க்", "பிப்ரவரி" எல்லாம் காரணமில்லாத ஒலிகளாகத் தெரிவது நியாயமே. ஐரோப்பியர்களுக்கு லத்தீன் வழியாகப் பாதிச் சொற்கள் பழக்கமானவை, இவர்களுக்கு அந்த உதவி இல்லை. ஆனால் துண்டு துண்டாகச் சொல்லைப் பார்க்கும் கண் இவர்களுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. "டெலி" என்றால் தூரம், "ஸ்கோப்" என்றால் பார்ப்பது என்று காட்டினால், தொலைநோக்கியைத் தங்கள் மொழியில் "தூரம் பார்க்கும் கண்ணாடி" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே பிடிக்கும். முன்னொட்டு, பின்னொட்டுகளைச் சீன எழுத்துகள் போலவே சொல்லிக்கொடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் மற்ற மாணவர்களைவிட வேகமாகப் போவார்கள்.

பின்னொட்டுகளுக்கு இன்னொரு அவசியமும் உண்டு. சீனத்தில் ஒரே சொல் வடிவம் மாறாமல் பெயராகவும் வினையாகவும் வரும். "ஐ வில் சக்சஸ்" அங்கிருந்துதான் வருகிறது. "சக்சீட்", "சக்சஸ்", "சக்சஸ்ஃபுல்" மூன்றையும் ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்லும் மூன்று வாக்கியங்களில் எழுத வையுங்கள். வேலையில் மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கு இது மிகவும் பயன்படும். மேற்படிப்புக்குத் தயாராகிறவர் இருந்தால், அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்) கல்விச் சொற்பட்டியலை இதே முறையில் கொடுக்கலாம்.

உங்களுக்குச் சீனம் தெரியாமலே செய்யக்கூடிய ஓர் அருமையான பயிற்சி திருப்பி மொழிபெயர்ப்பது. எட்டுப் பத்து வரி நல்ல ஆங்கிலத்தைக் கொடுங்கள். மாணவர் அதைச் சீனத்தில் எழுதட்டும். மூன்று நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், தன் சீனத்திலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துத் தானே ஒப்பிடட்டும். ஆர்ட்டிகிள், காலம், சொற்சேர்க்கை, கமா எல்லாம் ஒரே தாளில் தெரியும், ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. லத்தீன் கற்பிக்க இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே ரோஜர் ஆஸ்கம் பரிந்துரைத்த வழி இது. நான்காம் நிலைத் தேர்வில் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி மொழிபெயர்க்க வேண்டும் என்பதால் உங்கள் மாணவர்களுக்கு அந்நியமாகவும் இருக்காது.

வாசிப்பில், சீனப் பல்கலைக்கழகங்கள் இரண்டு வகையைப் பிரித்துப் பேசுகின்றன: ஜிங்து என்பது நுணுகிப் படிப்பது, ஃபான்து என்பது பரந்து படிப்பது. நடைமுறையில் ஜிங்துதான் கோலோச்சும். ஒரு பக்கப் பாடத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒரு வாரம் படிப்பார்கள். தேர்வில் வேறு விதம்: கேள்வியை முதலில் பார்த்து, விடை இருக்கும் வரியைத் தேடிப் பிடிப்பது. இரண்டிலும் ஒரு முழுக் கதையை, ஒரு முழுக் கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்து முடிக்கும் அனுபவம் கிடைப்பதில்லை. அவர்களுக்கு இப்போது தேவை அதுதான், நிறைய, எளிதான ஆங்கிலத்தில்.

எவ்வளவு எளிது? சொல்வள ஆய்வாளர் பால் நேஷனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் காட்டிய அளவு, நூறு சொல்லில் 98 தெரிந்திருந்தால் அகராதி இல்லாமல் சுகமாக வாசிக்கலாம் என்பது. செய்தித்தாளையும் நாவலையும் அந்த அளவுக்கு வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். உங்கள் மாணவர்களில் பலருக்கு அது இன்னும் தூரம். எனவே நிலை பிரித்து எழுதப்பட்ட எளிய வாசிப்பு நூல்களில் தொடங்குங்கள். இந்த வகை நூல்களுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். 1920களில் டாக்காவில் வங்காள மாணவர்களுக்காக உழைத்தபோது பிறந்த யோசனை அது. பின்னாளில், 1953இல், ஏறக்குறைய இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களின் பட்டியலையும் அவர் வெளியிட்டார். நிலையைத் தேர்ந்தெடுக்க, ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொல் எண்ணித் தெரியாதவற்றில் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்றைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

இங்கே எதிர்ப்பு வரும். பட்டம் வாங்கிய பெரியவர்களுக்குச் சிறுவர் புத்தகம் போலத் தெரிவதைக் கையில் எடுக்கக் கூச்சமாக இருக்கும். கடினமானதைப் படித்தால்தான் முன்னேற்றம் என்று வளர்ந்தவர்கள். அந்தக் கூச்சத்தை மதியுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். சில வாரத்தில் வேகம் கூடுவதை அவர்களே பார்ப்பார்கள். படித்த பின் கேள்வித்தாள் வேண்டாம். "இந்தப் பத்தி இங்கே எதற்கு இருக்கிறது?", "இதை எடுத்துவிட்டால் என்ன கெடும்?" என்று கேளுங்கள். விடையைத் தேடும் பழக்கம் இந்தக் கேள்விகளில் உதவாது, வாதத்தைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும்.

நீண்ட வாக்கியங்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பெயரெச்சப் பழக்கத்தால் கண் முடிவுக்கு ஓடிவிட்டுப் பின்னோக்கி வரும். வாக்கியத்தை அட்டையால் மூடி, துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் "இதுவரை என்ன தெரியும், அடுத்து என்ன வரலாம்?" என்று சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

வாசிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒலிச் சிக்கலையும் மறக்க வேண்டாம். 2003இல் வாங், கோடா, பெர்ஃபெட்டி என்ற ஆய்வாளர்கள் மூவரும் சீன, கொரிய மாணவர்களை ஒப்பிட்டார்கள். கொரியர்கள் ஆங்கிலச் சொல்லின் ஒலியை அதிகம் நம்ப, சீனர்கள் எழுத்துத் தோற்றத்தை அதிகம் நம்பினார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகளை வடிவமாகவே நினைவில் வைத்தவர்களுக்கு இது இயல்பு. விளைவு, "குவைட்", "குவைஎட்" போன்று எழுத்தில் நெருங்கிய சொற்கள் குழம்பும், புதிய சொல்லைப் பார்த்தால் வாசிக்கவே வராது. சீனப் பெருநிலத்துக்காரர்களுக்கு 1958இல் வந்த பின்யின் என்ற ரோமன் எழுத்துமுறை தெரியும், ஆனால் அதில் சில எழுத்துகளின் ஒலியே வேறு. தைவான்காரர்கள் 37 குறிகள் கொண்ட ஜூயின் முறையில் பள்ளி தொடங்கியவர்கள். ஹாங்காங்கில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தை நேராகப் பார்த்தே கற்றவர்கள், அதனால் அவர்களுக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். தென்சீன மொழியான கேன்டனீஸ் பேசுபவருக்குச் சொல் முடிவில் ப், ட், க் உண்டு என்பதால் இறந்தகால முனையில் கொஞ்சம் முன்னிலை.

மூன்றையும் சேர்க்கும் பயிற்சி ஒன்றைச் சீனாவே உருவாக்கியிருக்கிறது: பாதிக் கதையைப் படித்து மீதியை எழுதுவது. குவாங்தொங்கைச் சேர்ந்த பேராசிரியர் வாங் சூமிங் இதன் பின்னாலுள்ள கருத்தை வளர்த்தவர். 2016இல் ஜெஜியாங் மாகாணத்தின் காவ்காவ் தேர்வில் நுழைந்து பிற மாகாணங்களுக்கும் பரவியது. கதையின் முதல் பகுதியைப் படித்து, கொடுக்கப்பட்ட இரண்டு தொடக்க வரிகளிலிருந்து சுமார் 150 சொல்லில் கதையைத் தொடர வேண்டும். கதையோடு பொருந்த எழுதும்போது அதன் காலம், நடை, சொற்சேர்க்கை எல்லாம் தன்னால் மாணவரின் எழுத்துக்குள் வரும். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். கதையின் உண்மையான முடிவைக் கடைசியில் கொடுத்து, தான் எழுதியதோடு ஒப்பிட வையுங்கள்.

முதல் வகுப்பில் புத்தகம் எதையும் திறக்காமல், வளர்ந்த வீட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தித் திருப்பிக் கொடுக்காதீர்கள். நிலை வினைகளில் இறந்தகாலம் வந்திருக்கிறதா, கமாவால் கோத்த வாக்கியங்கள் எத்தனை, ரிலேட்டிவ் கிளாஸ் ஒன்றாவது இருக்கிறதா, சொற்கள் சேர்ந்த விதம் ஆங்கிலமா என்று பாருங்கள். கமா ஓடினால் முதல் இரண்டு வாரம் அதற்கே கொடுங்கள், ஏனென்றால் வாக்கியத்தின் எல்லை தெரியாமல் மற்ற எதையும் திருத்த முடியாது. எல்லை சரியாக இருந்தால் காலத்தில் தொடங்குங்கள். எளிய வாசிப்பை மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள், ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்து.